கெய்சருக்கு ஒரு தமிழ்ச்சொல்: ‘வெந்நீர் ஊற்று’ ஏன் போதாது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நிலத்துக்குள்ளிருந்து வெந்நீரும் ஆவியும் விட்டுவிட்டு உயரப் பாயும் ஊற்றைத்தான் கெய்சர் (geyser) என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நான் தொடங்கிய இழையில் இதுவரை ஆறு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: வெந்நீர் ஊற்று, கொதிநீர் ஊற்று, நீராவி ஊற்று, பொங்கூற்று, வெந்நீர்ப் பீச்சி, அப்புறம் ‘கெய்சர் என்றே விட்டுவிடலாம்’. எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் எழுதாமல் ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> வெந்நீர் ஊற்று என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். பழகிய சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

நியாயமான கேள்விதான். நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். கெய்சர்களின் போக்கைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்ப்பது பற்றியும், புவிவெப்ப வயல்களில் (நிலத்தடியில் சுடுநீரும் ஆவியும் தேங்கிய பகுதிகளில்) மனிதர் கைவைத்ததால் நேர்ந்த மாற்றங்கள் பற்றியும் ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் நியூசிலாந்தின் வைராக்கி வருகிறது. 1958-ல் அங்கே புவிவெப்ப மின்நிலையம் ஓடத் தொடங்கியது. ஆழ்துளைகள் வழியே சுடுநீரையும் ஆவியையும் எடுக்க எடுக்க, நிலத்தடி அழுத்தம் ஏறத்தாழ 25 பார் இறங்கியது (பார் என்பது அழுத்த அலகு, ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பக்கத்துப் பள்ளத்தாக்கில் வானளாவப் பாய்ந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாக நின்றன. முதலில் பாய்ச்சல் நின்றது. பிறகு நீர்மட்டம் இறங்கியது. கடைசியில் ஆவி கசியும் துளைகள் மிஞ்சின.

இதைச் சுருக்கி ஒரே வாக்கியமாக எழுதும்போது, முதல் கட்ட மாற்றத்துக்கு என்னிடம் இருந்த தமிழ் இதுதான்: “வெந்நீர் ஊற்றுகள் வெந்நீர் ஊற்றுகளாக மாறின.” எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓர் இழப்பு நடந்திருக்கிறது, ஆனால் நம் வாக்கியத்தில் எதுவுமே நடக்கவில்லை.

எல்லாக் கெய்சரும் ஒருவகையில் வெந்நீர் ஊற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் வெந்நீர் ஊற்றுகளில் மிகச் சிலவே கெய்சர்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர்க் குளம், சேற்றுக் குழி, ஆவித்துளை எல்லாம் சேர்த்து 10,000-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றுள் கெய்சர்கள் ஏறத்தாழ 500, அதாவது இருபதில் ஒன்று. உலகத்தில் உள்ள மொத்தக் கெய்சர்களில் பாதி அந்த ஒரே பூங்காவில்தான் இருக்கின்றன. மீதி ஐஸ்லாந்து, ரஷ்யாவின் கம்சட்கா, சிலியின் எல் டாடியோ, நியூசிலாந்து என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில். இவ்வளவு அரியதைப் பொதுப்பெயருக்குள் போட்டுப் புதைத்துவிட்டால், அது போனது தமிழ் வாசகருக்குத் தெரியவே தெரியாது. நான் தனிச்சொல் கேட்பது இதற்காகத்தான். அழகுக்காக இல்லை.

இவற்றோடு வாழ்ந்த மக்கள் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மாவோரி மொழியில் சீற்றத்தோடு வெளிவருவது ‘புயியா’. எரிமலைக்கும் அதே சொல்தான். கொதித்துக்கொண்டிருக்கும் ஊற்று ‘ஙாஃபா’. இறங்கிக் குளிக்கலாம் என்கிற சூட்டில் இருப்பது ‘வாய்அரிக்கி’. (நம் நெடுங்கணக்கில் வேலையில்லாமல் கிடக்கும் ‘ங’ வரிசைக்கு அங்கே நல்ல வேலை இருப்பதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி.) காலை வைத்தால் வெந்துபோகுமா, உடம்பு நனைக்கலாமா என்பது அவர்களுக்கு அன்றாடக் கேள்வி. அதனால் சொல்லும் பிரிந்தது.

> கெய்சர் என்பது உலகப் பொதுச்சொல். அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன?

எடுத்துக்கொள்ளலாம், கடன்சொல் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் இந்தக் கடன்சொல்லுக்கு நம்மிடம் ஏற்கெனவே வேறு வேலை கொடுத்தாகிவிட்டது. ‘கீசர்’ என்றால் தமிழ் வாசகருக்குக் குளியலறைச் சுவரில் மாட்டிய மின்பெட்டி. ‘கைசர்’ என்றால் ஜெர்மானியப் பேரரசர். ‘கீசர்களைக் காப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்?

இன்னொன்று. உலகப் பொதுச்சொல் என்று நாம் நினைப்பதே ஐஸ்லாந்தின் ஹௌகதாலூர் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் ஊற்றின் சொந்தப் பெயர். பாய்ந்து வெளிவருதல் என்ற பொருள்கொண்ட ஐஸ்லாந்திய வினைச்சொல்லிலிருந்து அந்த ஊற்றுக்குப் பெயர் வந்தது, அந்தப் பெயர் மற்றதற்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. அவர்கள் தங்கள் வினைச்சொல்லில் தேடினார்கள். நாமும் நம்முடையதில் தேடலாம்.

சரி, எந்த வினைச்சொல்? அதற்கு முன் இது எப்படி வேலைசெய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தவறான குணத்தின்மேல் பெயரைக் கட்டிவிடுவோம்.

1846-ல் வேதியியலாளர் ராபர்ட் புன்சென் ஐஸ்லாந்து போனார். தேக்ளுவாசோ என்ற பிரெஞ்சுக் கனிமவியலாளரோடு சேர்ந்து, கெய்சரின் குழாய்க்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானியை இறக்கி அளந்தார். பல ஆழங்களில் நீர் 100 டிகிரியைத் தாண்டியிருந்தது, ஆனால் கொதிக்கவில்லை. மேலே இருக்கும் நீரின் எடை அழுத்துவதால், ஆழம் போகப் போகக் கொதிநிலை ஏறிக்கொண்டே போகிறது. குழாயின் நடுப்பகுதியில் மட்டும், அந்த ஆழத்துக்கு உரிய கொதிநிலையைத் தொட இரண்டு டிகிரிதான் பாக்கி.

இந்த இரண்டு டிகிரியில்தான் எல்லாம் இருக்கிறது. கடல்மட்டத்தில் ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரி. அங்கே நீர் 115 டிகிரியில் சும்மா நிற்கிறது. ஏதோ ஒரு குமிழிக் கூட்டம் கீழிருந்து தள்ளி, அந்த நீரை மூன்று மீட்டர் ஆழத்துக்கு ஏற்றிவிட்டது என்று வையுங்கள். மூன்று மீட்டரில் கொதிநிலை 107 டிகிரிதான். எட்டு டிகிரி உபரி. அந்த உபரி வெப்பம் நூறு பங்கு நீரில் ஒன்றரைப் பங்கை ஆவியாக்கும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த ஒன்றரைப் பங்கு ஆவி, மொத்த நீரும் முன்பு பிடித்திருந்த இடத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு இடம் கேட்கிறது. குழாயில் இடம் எங்கே? மேலே உள்ள நீரைத் தூக்கி எறிகிறது. எறிந்ததும் கீழே அழுத்தம் குறைகிறது, கீழுள்ள நீரும் கொதிக்கிறது, அதுவும் எறிகிறது. குழாய் காலியாகும்வரை இப்படியே. பிறகு அமைதி. சுற்றிலுமுள்ள பாறையிலிருந்து நீர் மெல்லக் கசிந்து நிரம்ப வேண்டும், சூடேற வேண்டும். பாறை அவசரப்படாது.

இந்தக் காத்திருப்பு இல்லையென்றால் அது கெய்சர் இல்லை. ஓயாமல் கொட்டிக்கொண்டிருப்பது கொதிக்கும் ஊற்று, அவ்வளவுதான். யெல்லோஸ்டோனின் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் 32 முதல் 56 மீட்டர் உயரம்வரை எழும். பார்வையாளர்கள் அந்த உயரத்துக்காக வருகிறார்கள், அறிவியலாளர்களோ இடைவெளியைக் குறித்துக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டால் அடுத்தது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நாலைந்து நிமிடம் நீடித்தால் குழாய் நன்றாகக் காலியாகிவிடும், நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கை வைத்துத்தான் பூங்காக்காரர்கள் அடுத்த எழுச்சியைப் பத்து நிமிடம் முன்பின்னாகச் சொல்கிறார்கள். அதன் வாய்க்குள் கேமராவை இறக்கிப் பார்த்தபோது, சுமார் ஏழு மீட்டர் ஆழத்தில் ஒரு சாண் அகலம்கூட இல்லாத இடுக்கு தெரிந்தது. அத்தனை நீரும் அந்த இடுக்கு வழியாகத்தான் வருகிறது.

கணினி மாதிரி இங்கேதான் நுழைகிறது. நிலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீர், எவ்வளவு ஆவி, எவ்வளவு வெப்பம், பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கு வைப்பார்கள். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ‘டஃப்2’, அமெரிக்க நிலவியல் அளவாய்வின் ‘ஹைட்ரோதெர்ம்’ ஆகியவை இதற்கென்றே எழுதிய நிரல்கள். 1993-ல் இங்கெப்ரிட்சனும் ரோஸ்டாசரும் ஒரு கெய்சரை இப்படிக் கணினியில் கட்டினார்கள். நீர் எளிதில் ஊடுபுகும் ஒரு குறுகிய செங்குத்துப் பாதை, அதைச் சுற்றிலும் எளிதில் ஊடுபுகாத பாறை. அந்த வேறுபாடு போதிய அளவு இருந்தால் மாதிரி தானாகவே விட்டுவிட்டுப் பாய ஆரம்பிக்கிறது. ஊடுபுகுதிறனைக் கொஞ்சம் மாற்றினால் இடைவெளி மாறிவிடுகிறது. நிலநடுக்கம் ஏன் கெய்சர்களைக் கலைக்கிறது என்பதற்கு இது விடை தருகிறது. 2002-ல் அலாஸ்காவின் டெனாலி நிலநடுக்கம் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த யெல்லோஸ்டோன் கெய்சர்களின் இடைவெளியை மாற்றியது. இடுக்குகளில் அடைந்திருந்த படிவு அசைந்தாலே போதும்.

மனிதர் கை பட்டால் என்ன ஆகும் என்பதை மாதிரியில் காட்டுவதுதான் கடினம். வைராக்கிக்கும் அதே நியூசிலாந்தின் ரோட்டோருவா நகருக்கும் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தார் மாதிரிகள் உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு முழு வயலின் மாதிரியில் ஒரு கட்டமே சில நூறு மீட்டர் அகலம் இருக்கும். கெய்சரின் தொண்டையோ சாண் கணக்கு. வயல் மாதிரி ‘இங்கே அழுத்தம் ஒரு பார் குறையும்’ என்று சொல்லும். மின்நிலையப் பொறியாளருக்கு ஒரு பார் பெரிய எண் இல்லை. ஆனால் ஒரு பார் என்பது பத்து மீட்டர் நீர். நாலைந்து மீட்டர் இறங்கினாலே கெய்சரின் வாய் வறண்டுவிடும். வயலுக்குச் சிறிதாகத் தெரிவது கெய்சருக்கு உயிர் போகிற அளவு. என் கட்டுரையின் நடு இதுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு சொல் வேண்டும்.

ரோட்டோருவாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் சூடேற்ற ஊருக்குள் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு வெந்நீர் எடுத்தார்கள். அங்கே ஃபகரேவரேவா என்ற பகுதியில் இருந்த பாப்பகுரா என்ற கெய்சர் 1979-ல் நின்றது. 1986-ல் அரசு தலையிட்டது: போஹுட்டு கெய்சரைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் துளைகளையெல்லாம் மூடச் சொன்னது. மக்கள் எதிர்த்தார்கள், ஆனாலும் மூடினார்கள். நிலத்தடி அழுத்தம் மெல்ல ஏறியது. பாப்பகுரா 2015-ல் மறுபடி பாய்ந்தது. முப்பத்தாறு ஆண்டு!

எல்லா இடத்திலும் இப்படி மீளவில்லை. அமெரிக்காவின் நெவாடாவில் பியோவாவி என்ற இடத்தில் ஒரு பெரிய கெய்சர் வயல் இருந்தது, புவிவெப்பத் துளைகளுக்குப் பின் அது இல்லை. நியூசிலாந்தின் ஒராக்கெய் கொராக்கோவில் இருந்த கெய்சர்களில் பெரும்பாலானவை 1961-ல் நீர்மின் அணைக்குப் பின்னால் எழுந்த ஏரியில் மூழ்கின. யெல்லோஸ்டோனில் பார்வையாளர்கள் எறிந்த கல்லாலேயே தொண்டை அடைபட்ட கெய்சர் உண்டு.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘கொதிநீர் ஊற்று’ பொருளுக்குக் கிட்டத்தில் நிற்கிறது, ஆனால் காத்திருப்பு அதில் இல்லை. எந்நேரமும் கொதிக்கும் குளமும் கொதிநீர் ஊற்றுதானே? இன்னொரு சிக்கல், குளிர்ந்த கெய்சர்களும் உண்டு. ஜெர்மனியின் ஆண்டர்நாக்கில் துளையிட்டு உருவான ஒன்று கரியமில வாயுவின் தள்ளலில் ஐம்பது அறுபது மீட்டர் எழுகிறது. சோடா புட்டியைத் திறப்பது மாதிரிதான், சூடே இல்லை. சனிக்கோளின் துணைக்கோளான என்சலடசிலிருந்து பனித்துகளும் ஆவியும் பீறிட்டு எழுவதை 2005-ல் காசினி விண்கலம் கண்டபோது, அவற்றையும் கெய்சர் என்றே எழுதினார்கள். எனவே சூட்டைப் பெயருக்குள் கட்டிவிடக் கூடாது. வேண்டுமானால் ‘வெம்’, ‘தண்’ என்று முன்னொட்டு போட்டுக்கொள்ளலாம்.

‘நீராவி ஊற்று’ ஆவித்துளைக்குப் பொருந்தும், அதற்கே வைத்துக்கொள்வோம். ‘பொங்கூற்று’ எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் பொங்குவது அடங்கும் என்ற எதிர்பார்ப்பு அந்த வினையிலேயே இருக்கிறது. ஆனால் ஆர்ட்டீசியன் கிணற்றில் தானாக ஏறி வழியும் நீரையும் பொங்குகிறது என்றுதான் சொல்கிறோம். அந்தப் பொருளில் அது பயன்பட்டுவிட்டால் திரும்பக் குழப்பம். ‘பீச்சி’ வேண்டாம். பீச்சுவது கையில் பிடித்த கருவியின் வேலை, தவிர அந்த வினைக்குப் பேச்சில் வேறு வழக்கும் உண்டு.

என் பரிந்துரை ‘சீறூற்று’. சீறு, ஊற்று. பாம்பு சீறும், காற்று சீறும். விட்டுவிட்டு வரும் வேகம், கூடவே ஓசை, இரண்டும் அதில் இருக்கின்றன. எழுச்சிக்குச் ‘சீற்றம்’, இரண்டு சீற்றத்துக்கு நடுவே உள்ளது ‘சீற்ற இடைவெளி’. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.

* * *

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்றே நாளில் இத்தனை மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. முதலில் இது:

> சீறூர், சீறடி, சீறியாழ் எல்லாம் சங்கப் பாட்டில் படித்தவைதானே? சிறுமை என்பது ஆதி நீண்டு ‘சீறு’ ஆகும். சிறிய ஊர் சீறூர் என்றால், சீறூற்று சிறிய ஊற்று அல்லவா?

ஐயா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நான் வினையை மட்டும் பார்த்தேன், புணர்ச்சியில் காத்திருந்த பண்புப்பெயரைப் பார்க்கவில்லை. நியூசிலாந்தில் வைமாங்கு என்று ஒரு கெய்சர் 1900 முதல் 1904 வரை இருந்தது. கரிய நீரையும் பாறையையும் சில வேளை 460 மீட்டர் உயரம்வரை எறிந்தது. மனிதர் பார்த்தவற்றுள் அதைவிட உயரமானது இல்லை. அதைப் போய் ‘சிறிய ஊற்று’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்க முடியாது. சீறூற்றை விலக்கிக்கொள்கிறேன்.

> முறைக்காய்ச்சல் என்று பழைய வைத்தியச் சொல் உண்டு. விட்டுவிட்டு வரும் காய்ச்சல். அதுபோல ‘முறையூற்று’ என்றால் உங்கள் காத்திருப்பு வந்துவிடுமே?

அம்மா, இந்த மடலைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வருவது, போவது, மறுபடி வருவது என்ற பொருளை ‘முறை’ அவ்வளவு எளிதாகத் தாங்குகிறது. தயக்கம் ஒன்றுதான். சூடும் ஆவியும் இல்லாமல், பாறைக்குள் இருக்கும் வளைகுழாய் அமைப்பால் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கும் ஊற்றுகளும் உண்டு. அமெரிக்காவின் வயோமிங்கில் அப்படி ஒன்று இருக்கிறது. அது சாந்தமாக ஓடும், சாந்தமாக நிற்கும். ‘முறையூற்று’ அதற்குத்தான் அளந்து தைத்தது போல் இருக்கிறது. அதற்கே வைத்துக்கொள்ளலாமா? கெய்சரில் அந்த வேகம் பெயரில் இல்லாவிட்டால் மனம் ஒப்பவில்லை.

> பீறூற்று?

ஒரே சொல்லில் மடல் அனுப்பிய நண்பருக்கு நன்றி. உடனே இன்னொருவர், பீறல் என்றால் கிழிசல், பீறல் துணி என்பார்களே என்று எழுதியிருந்தார். அதுவும் சரி. ஆனால் ‘பீறிடு’ என்றால் யாருக்கும் கிழிசல் நினைவு வராது. ரத்தம் பீறிட்டது, அழுகை பீறிட்டது என்று அன்றாடம் சொல்கிறோம். உள்ளே அடைத்துக்கிடந்தது, அழுத்தம் தாங்காமல், ஒரு குறுகிய வழியில் வெளியே வந்தது. மேலே புன்சென் குழாயில் நாம் பார்த்ததும் இதேதான். ‘பீறிடு’வில் வெப்பம் இல்லை, ஆகவே ஆண்டர்நாக்குக்கும் என்சலடசுக்கும் பொருந்தும். ஐஸ்லாந்தியர் தங்கள் ஊற்றுக்குப் பெயர் எடுத்த வினையும் ஏறக்குறைய இதே பொருள்தான்.

ஆக, பீறிடு + ஊற்று: ‘பீறிடூற்று’. ஆடரங்கு மாதிரி இணைகிறது.

காத்திருப்பு எங்கே என்று கேட்பீர்கள். நானும் அதில்தான் முட்டிக்கொண்டிருந்தேன். பிறகு இலக்கணத்திலேயே விடை இருப்பது தெரிந்தது. பீறிடூற்று ஒரு வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம். பீறிட்ட ஊற்று, பீறிடுகின்ற ஊற்று, பீறிடும் ஊற்று, மூன்றும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் அருகே ஒரு மணி நேரமாகக் காத்திருப்பவர் முன்னால் இருப்பது ஆவி புகையும் ஒரு மேடு மட்டும்தான். ஒன்றும் பாயவில்லை. ஆனாலும் அது பீறிடூற்றுதான். ஏனென்றால் முன்பு பீறிட்டது, இனியும் பீறிடும். இடைவெளியைத் தனி உறுப்பாக ஒட்டவைக்கத் தேவையே இல்லை, வினைத்தொகை அதைத் தானே சுமக்கிறது. சீறூற்றும் வினைத்தொகைதானே என்றால், ஆம், ஆனால் அங்கே பண்புத்தொகை குறுக்கே வந்தது. இங்கே வராது.

துணைச்சொற்களுக்கு என் எண்ணம் இது. எழுச்சி ‘பீறிடல்’, இரண்டு பீறிடலுக்கு நடுவே உள்ளது ‘பீறிடல் இடைவெளி’, நீர் மேலேறும் வழி ‘ஊற்றுத் தொண்டை’, பல சேர்ந்த இடம் ‘பீறிடூற்று வயல்’. எடுத்த நீரைத் திரும்ப நிலத்துக்குள் அனுப்புவதை ‘மீள்செலுத்தல்’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. கலிபோர்னியாவில் ‘தி கெய்சர்ஸ்’ என்று ஒரு புவிவெப்ப வயல் உண்டு. 1960 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆவி குறையத் தொடங்கியதும் நகரங்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து உள்ளே செலுத்துகிறார்கள். பெயர்தான் அப்படி, அங்கே இருந்தவை ஆவித்துளைகளே, உண்மையான பீறிடூற்று ஒன்றுகூட இல்லை. பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவதுதான் நேர்மை.

‘மாதிரி’ பற்றி ஒரு சொல். நீர் மாதிரி எடுத்தார்கள், நீரோட்ட மாதிரி செய்தார்கள் என்று ஒரே பத்தியில் வந்தால் வாசகர் திணறுவார். சோதனைக்கு எடுப்பதை ‘பதம்’ என்றும், கணினியில் கட்டுவதை ‘கணினி மாதிரி’ என்று முழுதாகவும் எழுதப் போகிறேன். இதைத் தனி இழையில் பேசலாம்.

கடைசியாக, நின்றுபோனவை. எரிமலைக்கு உறங்கும், தணிந்த என்று அடைமொழி இருப்பதுபோல இதற்கும் வேண்டும் என்று இருவர் கேட்டிருந்தீர்கள். யெல்லோஸ்டோனில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் மேட்டில் கல்லாக மாறிய மரத்துண்டுகள் கிடைத்தன. அவற்றின் காலம் 13, 14-ஆம் நூற்றாண்டு. நீண்ட வறட்சியில் பீறிடல் பல பத்தாண்டுகள் நின்றுபோய், அந்த இடத்தில் மரம் வளர்ந்திருக்கிறது. பிறகு மழை திரும்பியது, ஊற்றும் திரும்பியது. இப்படி நின்றதையும் பாப்பகுரா நின்றதையும் ‘ஓய்ந்த பீறிடூற்று’ என்போம். ஓய்வு முடியக்கூடும், வினைத்தொகை அப்படியே இருக்கட்டும். நிலத்தடி அழுத்தம் போய், தொண்டை வறண்டு, திரும்ப வழியில்லை என்றால் மட்டும் தொகையை விரித்துக் காலத்தைக் காட்டுவோம்: ‘பீறிட்ட ஊற்று’. இறந்தகாலம் வெளியே தெரியட்டும்.

நான் மாட்டிக்கொண்ட வாக்கியத்தை இப்போது இப்படித் திருத்தியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

“மின்நிலையத்துக்காக ஆழ்துளைகள் சுடுநீரை எடுக்க எடுக்க, வைராக்கியின் பீறிடூற்றுகள் முதலில் வெந்நீர் ஊற்றுகளாயின, பிறகு ஆவித்துளைகளாயின. இன்று அவை பீறிட்ட ஊற்றுகள்.”

அன்புடன்.